பேசுவதற்கும் காசு வேண்டும்

நம்முடைய நாட்டில் சண்டை போடுவதற்குப் பணம் கிடைக்காமல் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கொடிக்குப் பணம் கிடைக்கும். சுவரொட்டிக்குக் கிடைக்கும். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கிடைக்கும். சண்டை முற்றிக் கோர்ட்டுக்குப் போய்விட்டாலோ, வக்கீல்களுக்காக இரண்டு சர்க்கார்களின் கஜானாக்களும் திறந்தே இருக்கும். ஆனால் சண்டைக்காரர்களில் இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் என்று ஒரு கூரையின்கீழ் உட்கார வைத்து, "ஐயா, உங்களுக்கு என்ன பயம்? எங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று பேசிக்கொள்ள வைப்பதற்குக் கொஞ்சம் பணம் கேட்டுப் பாருங்கள். கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். "பேசுவதற்கு எதற்கு ஐயா பணம்? வாய் இருந்தால் போதாதா?" என்பார்கள்.

போதாது. வாய் இருந்தால் மட்டும் போதாது. பஸ் கட்டணம் வேண்டும், மத்தியானச் சாப்பாடு வேண்டும், வராத கூலிக்கு ஈடு வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கோ இருக்கும் தேசங்களின் சண்டையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. தேனி ஜில்லாவில், கம்பம் பள்ளத்தாக்கில், நம் கண்ணெதிரே புகைந்துகொண்டிருக்கும் ஒரு சண்டையைப் பற்றித்தான் சொல்லுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. தேனியிலிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகிற சாலையின் இரு பக்கமும் பச்சை. மழை மறைவுப் பிரதேசத்தில் இப்படி இருபோக நெல் விளைகிறதென்றால் அதற்கு ஒரே காரணம் பெரியாற்றுத் தண்ணீர். சுமார் 14,700 ஏக்கரில் இரண்டு போகம். அது போக வாழை, தென்னை, திராட்சை. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. மேற்கே சுவர் எழுப்பியதுபோல் மலை. மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டிப்பெரியாறு. கேரளத்தின் இடுக்கி ஜில்லா.

அந்த மலைக்குள் குகை வெட்டி, மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினார்கள். 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் சர்க்காருக்கும் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். பென்னிகுக் என்ற ராணுவப் பொறியாளர் கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்தப் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். படத்தைப் பூஜை அறையில் மாட்டுகிறார்கள். லோயர் கேம்ப்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்தில் தை மாதத்தில் பொங்கல் வைக்கிறார்கள். நன்றி மறக்காத ஜனங்கள்.

பிறகு வந்தது வழக்கு. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து ஒரு பட்டணமே நாசமாயிற்று. 'நம் தலைக்குமேல் இருக்கும் பழைய சுண்ணாம்பு அணையின் கதி என்ன?' என்ற பயம் கேரளத்தில் பற்றிக்கொண்டது. அந்த வருஷமே நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தினார்கள். மட்டத்தை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அடுத்த மாதமே கேரளம் ஒரு சட்டம் செய்து அதைத் தடுத்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7-ஆம் தேதி அரசியல் சாசன பெஞ்சு தீர்ப்பளித்தது. அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2018 வெள்ளத்தின்போது மறுபடி கோர்ட்டு, மறுபடி அடிக்கணக்கு. 2024-இல் வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதைந்தபோது மறுபடி அதே பயம், அதே பேச்சு.

இந்தச் சரித்திரத்தில் அதிகாரிகள் இருக்கிறார்கள், மந்திரிகள் இருக்கிறார்கள், நிபுணர்கள் இருக்கிறார்கள், நீதிபதிகள் இருக்கிறார்கள். கூடலூர்க் குடியானவரும் வண்டிப்பெரியாற்றுத் தோட்டத் தொழிலாளியும் எங்கே இருக்கிறார்கள்? கூட்டத்திலும் கோஷத்திலும் இருக்கிறார்கள். பேச்சில் மட்டும் இல்லை.

இதன் பலனை 2011 டிசம்பரில் பார்த்தோம். இடுக்கிப் பக்கம் சிறுசிறு நில அதிர்ச்சிகள் ஏற்பட்டு, அணையைப் பற்றிய பீதி அங்கே தலைக்கேறியிருந்த சமயம். 'டேம் 999' என்று ஒரு சினிமாவும் அப்போது வந்து எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது. குமுளியில் தமிழ்நாட்டு வண்டிகள் தாக்கப்பட்டன. ஐயப்ப பக்தர்கள் வழிமாறிப் போக வேண்டியதாயிற்று. இந்தப் பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் அடிபட்டன. ஏலத்தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்ப் பெண்கள், ஜீப்பில் போன மலையிலிருந்து காட்டுப்பாதை வழியே கால்நடையாக இறங்கி வந்தார்கள். கம்பத்திலிருந்து குமுளியை நோக்கிப் பல்லாயிரம் ஜனங்கள் திரண்டு நடந்தார்கள். தடியடி, 144 தடை உத்தரவு, மூடிய எல்லை. காய்கறி லாரிகள் நின்றன, காய்கறி அழுகியது. இரண்டு மாநிலச் சட்டசபைகளும் அந்த டிசம்பரில் விசேஷமாகக் கூடி, ஒன்றுக்கொன்று எதிரான தீர்மானங்களை நிறைவேற்றின.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு பக்கத்து ஜனங்களும் முன்பின் தெரியாதவர்கள் அல்ல. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் நிறையக் கூலியாட்கள் மலையேறிப் போய், சாயங்காலம் திரும்பி வருகிறார்கள். தேனிக் காய்கறி இல்லாமல் இடுக்கியில் அடுப்பு எரியாது. இடுக்கி ஏலக்காய் இல்லாமல் போடியில் தராசு அசையாது. இவ்வளவு கொடுக்கல் வாங்கல் இருந்தும் ஒரு வார காலத்தில் அத்தனையும் அறுந்துபோயிற்று. 'வியாபாரம் இருந்தால் சமாதானம் தானே வரும்' என்று புத்தகங்களில் படித்தவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள் என்று தெரியவில்லை. வியாபாரத்தில் நாம் விலையைப் பேசுகிறோம், பயத்தைப் பேசுவதில்லை. ஏலக்காய் எடை போடுகிற இடத்தில் நின்று, "ராத்திரி மழை வலுத்தால் எங்கள் வீட்டில் யாரும் தூங்குவதில்லை" என்று எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான்.

தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோருடைய அபிப்பிராயம் என்ன? கேரளத்தார் பயப்படுவதுபோல் நடிக்கிறார்கள் என்பது. அங்கே பெரும்பாலோருடைய அபிப்பிராயம் என்ன? தமிழர்கள் தண்ணீருக்காக எத்தனை உயிரையும் பணயம் வைப்பார்கள் என்பது. இரண்டு அபிப்பிராயங்களும் எதிராளியை நேரில் பார்க்காமல் செய்துகொண்டவை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்தத் தந்திரம் எனக்குத் தெரியும். ஒரு பாத்திரத்தை வில்லனாக்க வேண்டுமானால், அவன் வீட்டுச் சமையலறைக்குள் வாசகர்களை அழைத்துப் போகாமல் இருந்தால் போதும். அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரியைக் காட்டிவிட்டால், பிறகு எவ்வளவு மீசையை ஒட்டினாலும் அவன் வில்லன் ஆக மாட்டான்.

சமையலறைக்குள் போய்ப் பார்த்தால் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பீருமேடு தாலுகாவின் தேயிலைத் தோட்ட லயன்களில் தமிழர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை பறிப்பவர்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போனதைக் குறித்து இன்றைக்கும் நாம் பெருமூச்சு விடுகிறோமே, அந்தப் பீருமேட்டில் இருக்கிற தமிழர்களைத்தான் சொல்லுகிறேன். அணைக்குக் கீழே ஆற்றோரம் பயந்து வாழ்கிறவர்களில் அவர்களும் உண்டு. ஆகவே கேரளத்தாரின் பயம் நடிப்பு என்று நாம் சிரிக்கும்போது, நம் அத்தையையும் மாமனையும் பார்த்துத்தான் சிரிக்கிறோம். இதை ஒரு மேடையில் சொன்னால் கல் விழும். ஓர் அறையில், இருபது பேர் நடுவே, அந்த லயனிலிருந்து வந்த ஓர் அம்மாளே சொன்னால் கல் விழாது, கேட்பார்கள். அணை உறுதியாகத்தான் இருக்கிறது என்று நீதிபதி ஆனந்த் தலைமையில் அமைந்த குழு 2012-இல் சொன்னதை நம் குடியானவர் அந்த அம்மாளுக்கு எடுத்துச் சொல்லலாம். அந்த அம்மாள் அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் முன்னூறு பக்க அறிக்கை சொல்லுவதைவிட, எதிரே உட்கார்ந்து ஒரு மனிதர் சொல்லுவது காதில் ஏறும்.

"நம்மிடம் சமாதானக் கூட்டம் இல்லையா? தாசில்தார் கூட்டுகிறாரே" என்று கேட்பீர்கள். கூட்டுகிறார். எப்போது? கலவரம் நடந்து நாலாவது நாள். எங்கே? தாலுகா ஆபீஸில். யார் பக்கத்தில்? போலீஸ் இன்ஸ்பெக்டர் பக்கத்தில். ஒரு காகிதத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் பேச்சு அல்ல, ஜாமீன். 1957 செப்டம்பர் 10-ஆம் தேதி முதுகுளத்தூரில் ஜில்லா கலெக்டர் கூட்டிய சமாதான மகாநாடு நம் சரித்திரத்தில் இருக்கிறது. அதில் கலந்துகொண்ட இம்மானுவேல் சேகரன் மறுநாள் இரவே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கலெக்டர் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்காகப் பேசாதவர்களை ஒரே நாளில், அதிகாரத்தின் முன்னிலையில், உட்கார வைத்தால் அங்கே பேச்சு நடக்காது, பலப்பரீட்சைதான் நடக்கும் என்று சொல்லுகிறேன். தேனி ஜில்லாவுக்கும் இது புதிதல்ல. போடியில் 1989-இல் நடந்த ஜாதிக் கலவரத்தைக் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

சர்க்கார் பணமே செலவழிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. கலவரத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளின் படிப்புக்கு உதவ மத்திய சர்க்கார் 1992-இல் ஒரு ஸ்தாபனமே ஏற்படுத்தியது. நல்ல காரியம், புண்ணியம். ஆனால் எண்ணிப் பாருங்கள். குழந்தை அநாதையான பிற்பாடு அதற்குக் கொடுக்க நம்மிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அநாதையாகாமல் இருக்கச் செலவழிக்க, அந்த அளவுக்கு நிலையான ஏற்பாடு எதுவும் இல்லை. தீயணைக்கும் வண்டிக்குப் பெட்ரோல் போடுவோம். அடுப்பங்கரையில் ஒரு குடம் தண்ணீர் வைக்க மாட்டோம்.

இனி, பேச்சுக்கு எதற்குப் பணம் என்ற கேள்விக்கு வருகிறேன்.

பணம் இல்லாமல் பேச்சு வார்த்தை நடத்தினால் யார் வருவார்கள்? ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் வருவார்கள். சங்கத் தலைவர்கள் வருவார்கள். சொந்தக் கார் உள்ளவர்கள் வருவார்கள். கூலிக்காரி வர மாட்டாள். வந்தால் அன்றைக்கு அவள் வீட்டில் உலை ஏறாது. ஜீப் ஓட்டுகிறவர் வர மாட்டார். ஒரு சவாரி போனால் போனதுதான். ஆனால் கலவரம் என்று வந்தால் அடி வாங்குகிறவர்கள் இந்த இரண்டு பேர்தான். அடி வாங்குகிறவர்கள் இல்லாத பேச்சு எதற்கு? ஆகவே அவர்களுடைய ஒரு நாள் கூலியைக் கொடுத்து அழைத்து வரவேண்டும். அதைப் பிச்சை என்றோ லஞ்சம் என்றோ நினைக்கக் கூடாது. கோர்ட்டில் சாட்சிக்குப் படி கொடுக்கிறோம். கமிட்டி மெம்பர்களுக்குப் பிரயாணச் செலவு கொடுக்கிறோம். அந்த மரியாதையைத் தோட்டத் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

இப்படி நடந்த ஒரு முயற்சிக்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2002-இல் காவிரி வறண்டு, தமிழ்நாடும் கர்நாடகமும் முறைத்துக்கொண்டு நின்றன. 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில், 2003-இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் ஜனகராஜன் முதலியவர்களின் முயற்சியால் இரண்டு மாநில விவசாயிகளும் ஓர் இடத்தில் கூடினார்கள். தங்களுக்குக் 'காவிரிக் குடும்பம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தஞ்சாவூர் மிராசுதாரும் மாண்டியா விவசாயியும் ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்தார்கள். 'கர்நாடகக்காரர்கள் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறார்கள்' என்று நினைத்தவர் அங்கே காய்ந்த கரும்பைப் பார்த்தார். 'தஞ்சாவூரில் தண்ணீர் வீணாகிறது' என்று நினைத்தவர் இங்கே வெடித்துக் கிடந்த நிலத்தைப் பார்த்தார். பல வருஷங்கள் பலமுறை கூடினார்கள்.

"என்ன பிரயோஜனம்? பங்கீட்டைக் கடைசியில் கோர்ட்டுதானே முடிவு செய்தது?" என்று கேட்கலாம். உண்மை. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டுதான் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்று எழுதியது. குடும்பத்தினர் ஒரு பங்கீட்டுக் கணக்கில் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர்கள் கூடிக்கொண்டிருந்த வரையில், இரு பக்கத்து விவசாயத் தலைவர்களுக்கும் அடுத்த பக்கத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச ஒரு மனிதர் இருந்தார். அந்தக் குடும்பம் மெல்ல மெல்லக் கூடாமலே போய்விட்டது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் வரிசையாக நின்று எரிந்தன. குடும்பம் கூடிக்கொண்டிருந்தால் பஸ் எரிந்திராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எரிந்த பஸ்களில் ஒன்றின் விலையை வைத்து அந்தக் குடும்பத்தை எத்தனை வருஷம் கூட்டியிருக்கலாம் என்று கணக்குப் போடத் தமிழ் மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் சொல்லுகிறேன். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் முப்பது வருஷம் ஒருவரையொருவர் கொன்றார்கள். செத்தவர்கள் சுமார் 3,500 பேர். ரே டேவி என்ற பாதிரியார் இரு தரப்பாரும் வந்து தங்கிப் பேசுவதற்காகக் கோரிமீலா என்ற இடத்தை 1965-இல் ஆரம்பித்தார். வருஷத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய கலவரம் வெடித்தது 1969-இல். நாலு வருஷம் முன்னதாகவே அந்த மனிதர் பாயை விரித்துவிட்டார். பிறகு 1986-இல் பிரிட்டிஷ் சர்க்காரும் அயர்லாந்து சர்க்காரும் சேர்ந்து ஒரு நிதியே ஏற்படுத்தினார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, குண்டு வெடித்துக்கொண்டிருக்கும்போதே, இரு தரப்பு ஜனங்களும் சேர்ந்து செய்யும் சின்னச் சின்ன காரியங்களுக்கு அதிலிருந்து பணம் போயிற்று. உடன்படிக்கை 1998-இல்தான் வந்தது. அதை அரசியல்வாதிகள்தான் கையெழுத்திட்டார்கள். ஆனால் கையெழுத்தான மறுநாள் காலையில் எதிர்த் தெருக்காரனிடம் பால் வாங்க மனசு வரவேண்டுமே, அதற்கு வழி செய்தவர்களில் இந்தச் சின்னக் காரியங்களைச் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே நம்முடைய உரிமைக்காரர்கள் குறுக்கிடுவார்கள். "பேச உட்கார்ந்தால் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும்" என்பார்கள். இது விசித்திரமான பயம். 999 வருஷப் பத்திரம் கையில் இருக்கிறது. அரசியல் சாசன பெஞ்சின் தீர்ப்பு கையில் இருக்கிறது. ஒரு டம்ளர் கட்டஞ்சாயாவை உட்கார்ந்து குடித்தால் கரைந்துபோகிற உரிமை அல்ல அது. பலமான பத்திரம் உள்ளவனுக்குத்தான் பேசுவதற்குத் தைரியம் இருக்க வேண்டும். அந்தப் பத்திரமே ஆண்டுக்கணக்காகப் பேசிப் பேசி வந்ததுதான். பென்னிகுக் திருவிதாங்கூரைப் படையெடுத்துப் பிடித்து அணை கட்டவில்லை. கேரளத்தார் எழுப்புகிற கோஷத்தையே பாருங்கள்: 'தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு.' இதன் முதல் பாதியில் நமக்கு ஆட்சேபணை உண்டா? இரண்டாவது பாதியில்தான் உண்டா? எப்படி என்பதில்தான் சண்டை. எப்படி என்பதைப் பொறியாளர்களும் நீதிபதிகளும் பார்த்துக்கொள்ளட்டும். 142 அடியா, 152 அடியா, புது அணையா என்று முடிவு செய்யும் வேலையை நான் இந்த இருபது பேருக்குக் கொடுக்கவில்லை. அந்த எண்ணுக்காக ஏலம் பறிக்கிற பெண் அடிபடக் கூடாது. அந்த எண்ணுக்காக டீக்கடை வைத்திருக்கும் மலையாளியின் கண்ணாடி உடையக் கூடாது. இருபது பேரின் வேலை இதுதான்.

இன்னொரு கூட்டத்தார், "இதெல்லாம் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கிற ஓட்டல் வியாபாரம்" என்பார்கள். இவர்கள் சொல்லுவதில் பாதி நியாயம் இருக்கிறது. சமாதானத்தின் பெயரால் நட்சத்திர ஓட்டலில் கூடி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, ஒருவர் பேசியதை இன்னொருவர் பாராட்டிவிட்டு, பளபளப்பான காகிதத்தில் அறிக்கை அச்சிடும் காட்சியை நாமும் பார்த்திருக்கிறோம். அங்கே போகிற பணம் வண்டிப்பெரியாற்றுக்கு வந்து சேராது. வெளிநாட்டு நன்கொடைக்கு 1976-இலிருந்தே சட்டம் இருக்கிறது. 2010-இல் புதுப்பித்தார்கள், 2020-இல் மேலும் இறுக்கினார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்தாலும், நம் ஊர்ப் பேச்சு அதை நம்பி நிற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. அயலான் பணத்தில் பேசினால், எதிராளி சொல்லுவதைக் காது கேட்பதற்குமுன் 'இவனுக்கு யார் கொடுத்தார்கள்?' என்று மனசு கேட்கும். நம் சண்டை, நம் காசு.

அந்தக் காசு எங்கிருந்து வரும்? முதலில் இரண்டு சர்க்கார்களையும் கேட்கிறேன். 1970-இல் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள். 8,000 ஏக்கருக்கு வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். மின்சாரத்துக்குத் தனிக் கணக்கு. இன்றைக்கு இந்தத் தொகை இரண்டு சர்க்கார்களுக்கும் தூசு. ஒரு சீனியர் வக்கீல் ஒரு நாள் எழுந்து நிற்பதற்குக்கூடப் போதுமோ என்னவோ. ஆனால் இருபது பேரை வருஷத்தில் மூன்று தடவை கூட்டிச் சாப்பாடு போட்டுக் கூலி கொடுத்து அனுப்ப இது போதும், மிச்சம்கூட வரும். குத்தகைத் தொகைக்குச் சமமான ஒரு தொகையை இரண்டு சர்க்கார்களும் பாதிப் பாதி போட்டு, எந்த மந்திரியின் கையும் படாத ஒரு பொது நிதியில் வைக்கட்டும். நாற்காலியும் வேண்டாம், தலைமையும் வேண்டாம்; பணத்தைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கட்டும்.

சர்க்கார்கள் செய்யாது என்கிறீர்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆகவே இரண்டாவதாக உங்களைக் கேட்கிறேன். போடி ஏலக்காய் வியாபாரிகளையும், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர்களையும், லாரி முதலாளிகளையும், குமுளிக் கடைக்காரர்களையும் கேட்கிறேன். எல்லை மூடிக்கிடந்த ஒரு நாளில் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று உங்கள் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். கும்பாபிஷேகத்துக்கு வரி போடுகிறீர்கள், ரொம்ப சந்தோஷம். அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெரிய நன்கொடை ஒருவரிடமிருந்து வேண்டாம். சின்ன நன்கொடை நூறு பேரிடமிருந்து வேண்டும். கொடுத்த பணத்தின் கணக்கைக் குமுளிச் சுவரில் ஒன்றும் கூடலூர்ச் சுவரில் ஒன்றுமாகத் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டுங்கள். ஓட்டல் வியாபாரம் என்று யார் சொல்லுவார்கள், பார்க்கலாம்.

கூடுகிறவர்களுக்கும் சில நிபந்தனைகள். ஒரு தடவை அந்தப் பக்கம், ஒரு தடவை இந்தப் பக்கம். பத்திரிகைக்காரர்கள் வேண்டாம்; தீர்மானம் வேண்டாம்; மாலை, பொன்னாடை, குழுப் படம் வேண்டாம். கட்சித் தலைவர் வந்தால் வாசலிலேயே காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். பத்துப் பேரில் பாதி பெண்கள். மொழிபெயர்ப்புக்குச் செலவில்லை; குமுளிப் பக்கத்தில் இரண்டு மொழியும் பேசாதவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முக்கியமாக, மழையில்லாத மாதத்தில், சண்டையில்லாத வருஷத்தில் கூட வேண்டும். அணை உடைந்துவிட்டது என்றோ, நம் பெண்களை அடித்துவிட்டார்கள் என்றோ ஒரு வதந்தி கிளம்பினால், "அங்கே என்ன நடக்கிறது?" என்று உடனே கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்க வேண்டும். 2011-இல் அப்படி ஒரு நம்பர் எத்தனை பேரிடம் இருந்தது?

முடியாத காரியம் என்று தலையை ஆட்டுகிறவர்களை மங்கலதேவி மலைக்கு அழைக்கிறேன். மதுரையை எரித்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போன கண்ணகிக்கு அங்கே எல்லையில் ஒரு கோயில் இருக்கிறது. அந்த இடம் எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்பதிலும் தகராறு உண்டு. ஆனாலும் சித்திரா பௌர்ணமியன்று ஒரே ஒரு நாள் அதைத் திறக்கிறார்கள். அதற்காகத் தேனிக் கலெக்டரும் இடுக்கிக் கலெக்டரும் முன்கூட்டியே உட்கார்ந்து, எத்தனை ஜீப், எங்கே குடிதண்ணீர், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று பேசி முடிக்கிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பிலும், பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் ஜனங்கள் ஏறுகிறார்கள், கும்பிடுகிறார்கள், இறங்கி வருகிறார்கள். கோயில் யாருடையது என்ற தகராறு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. தகராறு தீர்ந்தால்தான் சேர்ந்து உட்கார முடியும் என்கிறவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த மலையை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அந்த மலைத் தண்ணீரில் விளைந்த அரிசியையும், அந்த மலைச் சரிவில் பறித்த ஏலக்காயையும், தேயிலையையும் தினமும் ருசி பார்க்கிறீர்கள். காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லுவது நம் வர்க்கத்தாருக்கு வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்ல ஒரு காசும் செலவில்லை. அதன் செலவை 2011-இல், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி வந்தவர்கள் கொடுத்தார்கள். அடுத்த தடவையும் அவர்களே கொடுக்கட்டும் என்று விட்டுவிடப் போகிறோமா, அல்லது இப்போதே நம் பங்கை எடுத்து வைக்கப் போகிறோமா? அடுத்த வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும். பத்திரிகைகளில் தினம் ஓர் அடிக்கணக்கு வரும். அதற்குமுன் அந்த இருபது பேரும் ஒரு தடவையாவது கூடியிருக்க வேண்டும்.